பழைய அலுமினியப் படகுக்குப் புதுத் தரை

ஒன்ராறியோவில் பனி விட்டதும் பழைய மீன்பிடிப் படகுகள் விலைக்கு வரத் தொடங்கும். பதினாறு அடி அலுமினியம், எஞ்சின் ஓடும், டிரெய்லரும் நல்லது. ஆனால் காலை வைத்தால், கார்ப்பெட்டுக்கு அடியில் மரப்பலகை இற்றுப்போயிருப்பதால், தரை மெத்தென்று அமுங்கும். அதைக் காட்டியே விலையைக் குறைத்து வாங்கலாம். வாங்குமுன் எஞ்சின் தொங்கும் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக்கென்று கேட்டால் சரி. பொத்தென்று கேட்டால் உள்ளே மரம் இற்றுப்போயிருக்கலாம், அது இதைவிடப் பெரிய வேலை.

கழற்றுமுன் வயர்களையும் இருக்கைக் கால்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்ப்பெட்டை உரித்து, பலகையை இறுக்கிப் பிடித்திருக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளை டிரில்லால் துளைத்து எடுங்கள். பழைய பலகை எவ்வளவு உளுத்திருந்தாலும் முழுசாக வெளியே வரட்டும். புதுப் பலகைக்கு அச்சு அதுதான்.

கீழே இருக்கும் மிதவை நுரையில் ஒரு துண்டு வெட்டிப் பிழியுங்கள். தண்ணீர் சொட்டினால் ஊறியதை எல்லாம் எடுத்து, நீர் குடிக்காத நுரை போடுங்கள். வெறுமனே விடக்கூடாது. படகுக்குள் தண்ணீர் ஏறினால் மிதக்க வைப்பது அதுதான். தரை திறந்திருக்கும்போதே டிரெய்லரில் வைத்து ஓரிரு அங்குலம் தண்ணீர் விட்டால் ஒழுகும் ரிவெட்டும் தெரிந்துவிடும்.

அடுத்தது பலகை. கடைக்காரர் 'அழுகவே அழுகாது' என்று மருந்தேற்றிய ப்ளைவுட்டைத் தள்ளுவார். வேண்டாம். அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரத்தில் அலுமினியத்தோடு பட்டால் படகின் உடலையே அரித்துக் குழி விழவைக்கும். படகுக்கென்றே செய்யும் மெரைன் ப்ளைவுட் நல்லது. கை கடித்தால், வெளிவேலைக்கான ப்ளைவுட்டும் போதும், பசை தண்ணீர் தாங்கும். உள்ளடுக்கில் இடைவெளி இல்லாத பலகையாகப் பார்த்து எடுங்கள்.

எல்லா வெட்டும் துளையும் முடிந்த பிறகே எபாக்ஸி, அதாவது பலகைக்குள் தண்ணீர் ஏறாமல் தடுக்கும் பிசின் பூச்சு. தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் விளிம்பிலும் திருகாணித் துளையிலும். விளிம்பில் முதல் பூச்சைத் தடவிப் பாருங்கள், சில நிமிடத்தில் உறிஞ்சி மங்கிப்போகும். மறுபடி தடவுங்கள், பளபளப்பு நிற்கும்வரை. அடிப்பக்கத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிடாதீர்கள், ஈரம் அங்கேதான் தங்கும். குளிரில் எபாக்ஸி பிசுபிசுத்தபடியே கிடக்கும் என்பதால் கராஜுக்குள் வைத்துப் பூசுவது நல்லது.

கார்ப்பெட் முன் தளத்துக்கு மட்டும் போதும் என்பது என் கட்சி. நடுவில் வினைல் போடுங்கள். சிம்கோ ஏரியில் பெர்ச் பிடித்துவிட்டு வரும் நாளில் மண்புழுச் சேறும் மீன் வழவழப்பும் ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும். கார்ப்பெட்டில் மூன்று முனைத் தூண்டில் மாட்டினால் கத்திதான் எடுக்க வேண்டும். கார்ப்பெட் போடும் இடத்தில் மயிர் சாயும் திசை எல்லாத் துண்டிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் பசையை இழுத்து ஒட்டி, ஓரத்தை இரண்டு அங்குலம் அடியில் மடித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள் அடியுங்கள். சாதா ஸ்டேப்பிள் துருப்பிடித்துக் கழன்றுவிடும்.

பொருத்தும்போது பக்கச் சுவரை ஒட்டிக் கொஞ்சம் இடைவெளி விடுங்கள், தண்ணீர் பின்னால் வடிய வழி வேண்டும். நடுப் பலகையை மட்டும் ரிவெட் அடிக்காமல் ஸ்டெயின்லெஸ் திருகாணியால் முடுக்கினால், இலையுதிர் காலத்தில் படகை மூடிவைக்குமுன் கழற்றி உள்ளே காயவிடலாம்.