பட்டுச் சேலை வழியே தெருவிளக்கு

ஒளி அலையா துகளா என்று பிள்ளைகள் குழம்பினால், ராத்திரி மொட்டை மாடிக்குக் கூட்டிப் போங்கள். சிறுமுகை மென்பட்டுச் சேலையில் வேலைப்பாடு இல்லாத இடத்தை ஒற்றை அடுக்காகக் கண்ணருகே பிடித்து, தூரத்து விளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே விளக்கு குறுக்கும் நெடுக்குமாகப் பல புள்ளிகளாகத் தெரியும். துணியைத் திருப்பினால் புள்ளிகளும் திரும்பும். பாவுக்கும் (நெடுக்கு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவிலுள்ள சந்துகளில் ஒளி அலையாகப் பரவி, சில இடங்களில் கூடுகிறது, சில இடங்களில் அழிகிறது. (குடைத் துணியிலும் இது தெரியும்.)

அப்புறம் துகளுக்கு, இருட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் போதும். சிவப்பு எல்இடியை எவ்வளவு நேரம் காட்டினாலும் ஒளிராது. நீல வெளிச்சம் கொஞ்சம் பட்டாலே ஒளிரும். ஒளி ஆற்றல் பொட்டலம் பொட்டலமாக வருகிறது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் சொன்னார். சிவப்புப் பொட்டலத்துக்குத் தெம்பு போதவில்லை.