வடசென்னைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: பக்கத்து வீடு வைஃபை கேட்கும் முன்

கொழும்பிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ வந்து பெரம்பூர், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வீடு பிடித்தவர்களிடம் சீக்கிரமே வந்து நிற்கும் கேள்வி இது: “அக்கா, உங்க வைஃபை பாஸ்வேர்டு சொல்றீங்களா? புள்ளைக்கு ஆன்லைன் டெஸ்ட்டு.” கேட்பவர், தண்ணி லாரி எப்போது வரும் என்று உங்களுக்குச் சொல்லித் தந்தவராகவே இருப்பார். முடியாது என்று சொல்ல வாய் வராது, சொல்லவும் வேண்டாம். அதற்கு முன் ரவுட்டரில், அதாவது வைஃபை தரும் பெட்டியில், கொஞ்சம் வேலை இருக்கிறது.

உங்கள் வைஃபையில் யார் தப்பு செய்தாலும், இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலுக்குத்தான் போலீஸ் முதலில் வரும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டாத வைஃபை வழியாகப் போயிருந்தது. விசாரணை அவரிடம் போனது. வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் தேவையா?

இணைப்பு கொடுக்க வரும் தம்பி, மறக்காமல் இருக்கட்டும் என்று உங்கள் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போகலாம். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம், தொடங்குவது 6 முதல் 9 வரைதான். மொத்தமே 400 கோடி எண்கள். உங்கள் போன் ரவுட்டரோடு இணையும் நொடியில் போய்வரும் சிக்னலைப் பதிவு செய்துகொண்டவன், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அத்தனையையும் சில மணி நேரத்தில் போட்டுப் பார்த்துவிடுவான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்துப் போடுங்கள். நீளம் 63 எழுத்துவரை போகலாம்.

மாற்றும் இடம், பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கும். அந்தப் பக்கத்துக்குள் நுழையும் ‘அட்மின்’ பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், அது வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. வைஃபையைப் பூட்டும் பாதுகாப்பு முறையில் டபிள்யூபிஏ3 (WPA3) இருந்தால் அது, இல்லையென்றால் டபிள்யூபிஏ2 (WPA2). பாஸ்வேர்டு அடிக்காமலே பொத்தானாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்கப் பின் எண்ணை ரவுட்டர் இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால், சுமார் 11,000 முயற்சியில் பிடித்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து ரவுட்டரை இயக்கும் ரிமோட் வசதியும் வேண்டாம்.

இனி பக்கத்து வீட்டுப் பிள்ளை. ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்று ஒன்று இருக்கும். தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. உள் நெட்வொர்க்கைப் பார்க்கும் அனுமதியை அதில் எடுத்துவிட்டால் உங்கள் சிசிடிவியும் பிரிண்டரும் அவர்கள் கண்ணில் படாது. வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம்: உங்களுடையது 100 எம்பிபிஎஸ் என்றால் கெஸ்ட்டுக்கு 10 போதும், டெஸ்ட்டும் எழுதலாம், வீடியோவும் பார்க்கலாம். எந்தக் கருவிக்கு நெட் முதலில் என்று சொல்லும் க்யூஓஎஸ் (QoS) பகுதியில் உங்கள் ஆபீஸ் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். ஐபிஎல் நேரத்தில் அருமை தெரியும். பாஸ்வேர்டு தெரு முழுக்கப் பரவிவிட்டதா, கெஸ்ட்டை மட்டும் மாற்றுங்கள். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் என்பதால் போனைத் திறந்தால் ஏகப்பட்ட வைஃபை பெயர்கள் வரும். வைஃபை ஓடும் அலைவரிசைகளில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 சானல்கள்தான் (அலைவரிசைக்குள் இருக்கும் பாதைகள்) ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை. கூட்டம் குறைந்ததைப் பிடித்து, சானல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். ஒரே அறைக்குள் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் நல்லது. பழைய வீடுகளின் தடித்த சுவரை அது தாண்டுவது கஷ்டம்.

ஊரிலிருந்தே ரவுட்டர் கொண்டு வந்திருந்தால் மின்சாரம் பிரச்சினையில்லை, இங்கே 230 வோல்ட். மூன்று தட்டை முள் பிளக்குக்கு மட்டும் ஓர் அடாப்டர் வாங்குங்கள். இணைப்பு, ரவுட்டரில் யூசர்நேம் போட்டால்தான் நெட் வரும் பிபிபிஓஇ (PPPoE) முறையில் வந்தால் அதன் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் கேபிள்காரரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் ரீசெட் பொத்தானை அழுத்தினால், அவர் ஆள் அனுப்பும்வரை நெட் கிடையாது.