காட்டைப் பற்றி எழுதுபவர்களைத் தேடுகிறீர்களா?

'இயற்கை எழுத்தாளர்' என்று இணையத்தில் தேடினால் தெரிந்த சில பெயர்களே திரும்பத் திரும்ப வரும். அதற்குப் பதிலாக ஓர் உயிரினத்தின் தமிழ்ப் பெயரைத் தேடிப் பாருங்கள். தவிட்டுக்குருவி, செண்பகம், கீரி, மரநாய், இப்படி ஏதாவது ஒன்று. கூடவே உங்கள் ஊர்ப் பெயரையோ பக்கத்து ஏரியின் பெயரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஏரிக்கரையில் வருடக்கணக்காக நடந்து, பார்த்ததைச் சொந்தமாக எழுதிவைக்கும் யாரோ ஒருவர் கிடைக்கக்கூடும். எனக்குப் பிடித்த பலரை இப்படித்தான் கண்டுபிடித்தேன்.

யாரைத் தொடர்ந்து வாசிக்கலாம்? நான் பார்ப்பது இதைத்தான்: பார்த்த நாள், இடம், உள்ளூர்ப் பெயர் இருக்கிறதா, தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறாரா. கூட்டுக்கு மிக அருகில் எடுத்த குஞ்சுகளின் படம் இருந்தால் அவரை விட்டுவிடுவேன். அந்தப் படத்துக்காகத் தாய்ப்பறவை கூட்டையே கைவிட்டிருக்கலாம்.

அப்புறம், சிற்றிதழ்களை மறக்க வேண்டாம். 'காட்டுயிர்', 'பூவுலகு' ஆகியவற்றின் பழைய இதழ்கள் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால், எழுதுபவர்களை நேரிலேயே சந்திக்கவும் வாய்ப்புண்டு.