போமலினில் போட்டால் மட்டும் போதாது

ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வருபவர்கள் கையுறை மறப்பது, லேபல் ஒட்டாமல் விடுவது பற்றியெல்லாம் எழுதப்போவதில்லை. முதல் கிழமை விழும் ஏச்சிலேயே அவை திருந்திவிடும். உடலிலிருந்து வெட்டியெடுத்த இழையத்தைப் போமலினில், அதாவது போமல்டிகைட்டுக் கரைசலில், கெடாமல் பதப்படுத்தும்போது ஒரு காலத்தில் நாங்கள் செய்து, இப்போது அவர்களும் விடாமல் செய்யும் பிழைகள் வேறு.

நிறம் மாறியதும் எடுத்துவிடுவது

"மிஸ், போமலின் பிடித்துவிட்டது" என்று ஒரு மணித்தியாலத்தில் வந்து நிற்பார்கள். சிவந்த இழையம் வெளியே சாம்பல் நிறமாகியிருக்கும், அவ்வளவுதான். இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான்.

போமலின் விரைவாக ஊடுருவும், ஆறுதலாகத்தான் பிணைக்கும். நீரில் கரைந்த போமல்டிகைட்டில் பெரும்பகுதி மெதிலீன் கிளைக்கோலாக இருக்கிறது. மிஞ்சும் சொற்பமே புரதத்துடன் தாக்கம் புரிகிறது. அது முதலில் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் அமினோக் கூட்டத்தில் ஒட்டும். பிறகு ஒரு நீர் மூலக்கூறு கழன்று இமைன் என்ற இடைநிலை உண்டாகும். அந்த இமைன் பக்கத்திலிருக்கும் தைரோசின், ஆர்ஜினின் போன்ற வேறொரு அமினோ அமிலத்தைப் பிடித்தால்தான் இரண்டுக்கும் இடையில் ஒற்றைக் காபன் பாலம் விழும். ஒட்டுவது சீக்கிரம் நடக்கும். பாலம் விழ மணித்தியாலக் கணக்காகும்; பெரிய துண்டென்றால் ஒரு நாளும் போதாது. அதற்குள் தண்ணீரில் கழுவினால் ஒட்டியதில் நிறையக் கழன்றுவிடும். அற்ககோலில் போட்டாலோ, பாலம் விழாத புரதத்தை அற்ககோல் தன் பாட்டுக்குத் திரள வைத்துவிடும்.

ஒரு சித்திரை வெயிலில், வெளியிலிருந்து ஒரு மார்பகம் வெட்டப்படாமல் முழுதாக வாளியில் வந்தது. போமலின் பாதிவரைதான். கத்தி வைத்ததும் நடுவிலிருந்து வாடை அடித்தது. மேற்புறம் விறைப்பு, உள்ளே கொழகொழப்பு. அரைவேக்காட்டுப் பனங்கிழங்குகூடப் பரவாயில்லை. நுணுக்குக்காட்டியில் ஓரத்துக் கலங்களின் கரு தெளிவாகத் தெரிந்தது, நடுவில் வெறும் கறை. இப்படிப்பட்ட இழையத்தில் ஈஸ்ட்ரஜன் வாங்கி (ஈஸ்ட்ரஜன் ஹோர்மோன் வந்து பிணையும் புரதம்) இருந்தும் 'இல்லை' என்று முடிவு வரலாம். அந்தப் பெண்ணுக்கு ஹோர்மோன் மருந்தே கிடைக்காமல் போகும். மார்பக இழையம் போமலினில் 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72ஐத் தாண்டாமலும் இருக்கவேண்டும் என்ற விதி சும்மா வந்ததல்ல.

வந்தவுடன் 5 மில்லிமீற்றர் கனத்தில் கீறுங்கள். கீறல்களுக்கிடையில் துணி வையுங்கள். இழையத்தின் பத்து மடங்கு போமலின் ஊற்றுங்கள். மலிவான பொருளில் கஞ்சத்தனம் எதற்கு?

வாய் குறுகிய போத்தல்

உள்ளே போகும்போது மெத்தென்று போகும். பாலம் விழுந்தபின் வராது. உடைத்துத்தான் எடுப்பீர்கள்.

வீதக் கணக்கு

வாங்கும் போமலினில் போமல்டிகைட்டு 37 முதல் 40 வீதம். அதில் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேர்த்தால் '10 வீதப் போமலின்'. அதிலுள்ள போமல்டிகைட்டு ஏறக்குறைய 4 வீதம். இந்த நான்கைக் கேள்விப்பட்டுவிட்டுப் போமலினையே 4 வீதமாகக் கரைப்பவர் கையில் மிஞ்சுவது ஒன்றரை வீதம்.

பொஸ்பேற்றை மறப்பது

தாங்கல் (அமிலத்தன்மை மாறாமல் காப்பது; இங்கே பொஸ்பேற்று) இல்லாத போமலின் நாள்போக்கில் போமிக்கமிலத்தால் புளிக்கும். குருதி நிறைந்த இழையத்தில் கபிலக் கறுப்புத் துகள் படியும். மண்ணீரல் வெட்டில் அதைப் பார்த்துவிட்டு மலேரியாவில் படியும் துகள் என்று ஓடிவந்தவர் உண்டு. இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டதென 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்று தந்துவிட்டது, தம்பி.

டிரிஸ் தாங்கல்

பொஸ்பேற்றுக்குப் பதில் இதைப் போடுவார்கள். அதிலும் அமினோக் கூட்டம் இருக்கிறது; போமல்டிகைட்டு புரதத்தை விட்டு அதிலேயே ஒட்டிவிடும். வேண்டாம்.