கடிபட்ட முயலுக்குச் செய்யக் கூடாதவை

ஒற்றை முயல் ஏங்கிப்போகும் என்று இன்னொன்றை வாங்கி வந்து, அன்று மாலையே இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிட்டு, அவை கடித்துக்கொண்டதும் இரவில் பதறியடித்துக்கொண்டு என்னை அழைப்பவர்கள் பெங்களூரில் இப்போது அதிகம். அல்சூரிலிருந்து வந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து வந்தாலும் அழைப்பில் கேட்கும் கதை மாறுவதில்லை. கடிபட்ட பிறகு அவர்கள் செய்யும் தவறுகளில் பலவும் தொடக்கத்தில் நானும் செய்தவைதான் என்பதால் யாரையும் கோபித்துக்கொள்ள முடிவதில்லை, ஒன்றைத் தவிர. சண்டைக்கு நடுவே வெறுங்கையை நீட்டக் கூடாது, கூண்டைச் சுத்தமாக வைக்க வேண்டும் என்பன போன்று எல்லோருக்கும் தெரிந்தவற்றை விட்டுவிடுகிறேன்.

கண்ணில் பட்ட காயத்தோடு நிறுத்திக்கொள்வது

முயலின் ரோமம் அடர்த்தியானது; அரை அங்குலக் கிழிசலைக்கூட மறைத்துவிடும். ரோமத்தை ஊதி விலக்கிக்கொண்டே, முதுகு, பின்புறம், காது மடல், இமை, மூக்கு, அடிவயிறு என்று விரல் நுனியால் தடவிப் பார்க்க வேண்டும். பின்னங்கால்களால் உதைத்துக்கொள்வதால் வயிற்றில் நகக்கீறல் இருக்கக்கூடும். ஆண் முயல் மற்றதன் தலைப்பக்கமாக ஏறியிருந்தால் அந்த ஆண் முயலின் பிறப்புறுப்பையும் பார்த்தாக வேண்டும். கீழே இருப்பது கடிப்பது அங்கேதான். ஜெயித்த முயலையும் இதே போல் சோதிக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காய்ந்த பொருக்கை நம்புவது

என்னை இன்றைக்கும் எரிச்சலூட்டுவது இதுதான். கே.ஆர். புரத்தில் ஓர் இளைஞரின் பெண் முயலுக்குத் தோள்பட்டையருகே கடி விழுந்திருந்தது. உடனே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று சொன்னேன். மறுநாள் காலை ஒரு படத்தை அனுப்பி, “ரத்தம் நின்னுடுச்சு அக்கா, நல்லா காஞ்சும் போச்சு, டாக்டர் எதுக்கு?” என்று கேட்டார். படத்தில் அரிசியளவில் பழுப்பேறிய ஒரு பொருக்கு, அவ்வளவுதான். மறுபடியும் சொன்னேன், சரி என்றார், போகவில்லை. பிறகு அதே இடத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி எழும்பி, முயல் முன்னங்காலை ஊன்றத் தயங்கியபோதுதான் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். மயக்க மருந்து, அறுவை, வாரக்கணக்கில் காயத்தைக் கழுவுதல் என்று ஆன செலவு, முதல் நாள் சிகிச்சைக்கு ஆகியிருக்கக்கூடியதைப்போல் பல மடங்கு.

முயலின் பல் மெல்லிய தோலைத் துளைத்து ஆழமாக இறங்குகிறது. தோல் சதையோடு ஒட்டாமல் தளர்ந்து நகரக்கூடியது என்பதால், பல் வெளியே வந்தவுடன் தோலிலுள்ள துளையும் சதையிலுள்ள துளையும் ஒன்றுக்கொன்று விலகிவிடுகின்றன. தோலிலுள்ள துளை விரைவில் மூடிக்கொள்ள, பாஸ்டுரெல்லா, ஸ்டாஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உள்ளே சிறைப்பட்டுப் பெருகுகின்றன. மனிதனின் சீழைப்போல் முயலின் சீழ் ஒழுகி வெளியேறாது. பற்பசையைப்போல் கெட்டியாக இருக்கும், அதைச் சுற்றித் தடித்த உறை ஒன்றும் உருவாகும். அந்த உறைக்குள் மருந்து எளிதில் புகுவதில்லை என்பதாலேயே பல சமயம் உறையோடு சேர்த்துக் கட்டியை அறுத்தெடுக்க நேர்கிறது; அப்போதும் மீண்டும் வருவதுண்டு. ஆகவே வெளியே காய்ந்திருப்பது ஆறிவிட்டதற்கு அடையாளமே அல்ல.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஒரு துணியை ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்து ரத்தத்தை நிறுத்திவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் நீரை ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்துத் துளையைக் கழுவ வேண்டும். வெளிர் தேநீர் நிறம் வரும்வரை நீர் கலந்த போவிடோன் அயோடினும் ஆகும்; ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம், அது நல்ல திசுவையும் அரித்துவிடும். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். பொருக்கு உதிர்ந்த பின்னரும் இரண்டு வாரத்திற்குத் தினமும் அந்த இடத்தைத் தடவி, பட்டாணியளவுக் கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பல மருத்துவமனைகள் நாய், பூனைக்கு மட்டுமே பழகியவை. முயலுக்குப் பார்ப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் இரவில் அலைய வேண்டியிராது.

வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரை

அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகளை வாய்வழியே கொடுத்தால், முயலின் குடலில் செரிமானத்தை நடத்தும் நுண்ணுயிர்கள் அழிந்து, கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் நச்சு பரவிச் சில நாளில் முயல் இறந்துபோகக்கூடும். பென்சிலினை மருத்துவர் ஊசியாகப் போடுவதுண்டு. அதைப் பார்த்து மாத்திரையும் ஆகும் என்று எண்ணிவிடக் கூடாது. எது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கைக்குக் கிடைத்த களிம்பு

நம் கடைகளில் தோலுக்கென்று விற்கும் கூட்டுக் களிம்புகள் பலவற்றில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டுகள் இருக்கின்றன. முயலின் எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பவை அவை. தெள்ளு, உண்ணிக்கு அடிக்கும் ஃபிப்ரோனில் ஸ்பிரே முயலுக்கு நஞ்சு.

மஞ்சள் குழைத்துப் பூசுவது

காயம் மறைந்துவிடும், முயல் நக்கித் தின்றுவிடும். வேண்டாம்.

குளிப்பாட்டுவது

கூடவே கூடாது.

காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுவது

முயல் தன் மென்மையான புழுக்கைகளைப் பின்புறத்திலிருந்தே நேரடியாக எடுத்துத் தின்னும். அது அதன் ஊட்டத்தில் ஒரு பகுதி. கூம்பு அதைத் தடுத்துவிடும்.

சாப்பிடாமலிருப்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது

வலியில் இருக்கும் முயல் அழாது, மூலையில் குறுகி உட்கார்ந்து பல்லை நறநறக்கும். வலி தீனியை நிறுத்துகிறது, தீனி நின்றால் குடல் நிற்கிறது. சுமார் 12 மணி நேரம் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் இருந்தால் அது அவசர நிலை. வலிக்கு மெலாக்சிகாம் வேண்டுமா என்று மருத்துவரிடம் நாமாகக் கேட்பதில் தவறில்லை.

ஆறுவதற்குள் மறுபடி சேர்ப்பது

இரண்டும் முழுக்க ஆறும்வரை கூண்டுகளுக்கிடையே ஒரு சாணாவது இடைவெளி இருக்கட்டும். கம்பி வழியாகவே மூக்கைக் கடித்துக் குதறிய முயல்களைப் பார்த்திருக்கிறேன். கருத்தடை செய்யாத முயல்களைச் சேர்க்க முயல்வதே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். அறுவைக்குப் பிறகும் ஹார்மோன் அடங்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், ஆண் முயலால் அதற்குள் கருவுறச் செய்யவும் முடியும். அதுவரை மலப்பெட்டிகளை மாற்றி மாற்றி வைத்து வாசனையைப் பழக்கலாம். பிறகு, இரண்டும் அதுவரை நுழையாத குளியலறையில் வழுக்காத பாய் ஒன்றை விரித்து, சண்டை வந்தால் விலக்கத் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடத்திலிருந்து தொடங்கலாம்.