இறக்கிய காரை ஷாகெனுக்குக் கொண்டுபோகும் முன்

ஜப்பானில் கார் வாங்கி, உயரம் மாற்றும் சஸ்பென்ஷன் (இங்கே ‘ஷாகோச்சோ’ என்பார்கள்) போட்டுத் தரைக்கு நெருக்கமாக இறக்கியவர்களுக்கு ஷாகென் தேதி நெருங்கினாலே வயிற்றில் புளி கரைக்கும். புதிய சொந்தக் காருக்கு 3 ஆண்டு கழித்தும், பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறையும் வரும் கட்டாயப் பரிசோதனை அது. சஸ்பென்ஷனைத் தொட்டாலே தேறாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. மாற்றலாம், எப்படி மாற்றினோம் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

முதல் படி: 9 செ.மீ.

காரின் அடியில் மிகத் தாழ்ந்த இடத்துக்கும் தரைக்கும் நடுவே குறைந்தது 9 செ.மீ. இருக்க வேண்டும். சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும் லோயர் ஆர்ம் போன்றவை கணக்கில் வராது. பெரும்பாலும் இடிப்பது புகைக்குழாயின் இணைப்புத் தட்டுதான். சிகரெட் பெட்டியை நிமிர்த்தி அடியில் விட்டுப் பார்ப்பவர்கள் உண்டு; அதன் உயரம் 88 மி.மீ., 2 மி.மீ. குறைவு. ஒரு மரத்துண்டைச் சரியாக 9 செ.மீ.க்கு அறுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜாக்கிலிருந்து இறக்கியதும் அளக்காதீர்கள். சக்கரம் உள்வாங்கி நிற்கும், கார் தூக்கலாகத் தெரியும். காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சாமான்களை இறக்கி, காரை முன்னும் பின்னும் சில மீட்டர் உருட்டி, சமதரையில் நிறுத்தி அளக்க வேண்டும். நான் 9.5 செ.மீ.க்குக் கீழே வைப்பதில்லை.

ஷாகென் சான்றில் எழுதியுள்ள மொத்த உயரத்திலிருந்து மாற்றம் 4 செ.மீ.க்குள் இருந்தால் பேச்சே இல்லை. அதைத் தாண்டினால், எந்தப் பாகத்தை மாற்றினோம் என்பதைப் பொறுத்து ‘கோசோ ஹென்கோ’ எனும் கட்டமைப்பு மாற்றப் பதிவு தேவைப்படலாம்.

இரண்டாம் படி: ஸ்பிரிங் ஆடுகிறதா?

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இது. காரைத் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். சஸ்பென்ஷன் முழுக்கத் தொங்கும் நிலையில் ஸ்பிரிங்கைக் கையால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ‘லொடக்’ என்று ஆடினால் அந்தக் கார் தகுதியில்லாதது. மேடுபள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தன் இருக்கையை விட்டு விலகி, திரும்ப இறங்கும்போது கோணலாக உட்காரும். வளைவில் அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

என் காரிலும் இதுதான் நடந்தது. ஸ்பிரிங் இருக்கையின் வளையத்தைச் சுற்றி 15 மி.மீ. இறக்கியிருந்தேன், சக்கரத்தைக் கழற்றியதும் ஸ்பிரிங் விரலால் தள்ளினாலே சுழன்றது. அடிப்பக்கப் பிராக்கெட்டைச் சுற்றி மொத்த நீளத்தையே குறைக்கும் வகை ஷாகோச்சோவில் ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறாது. அதனால் முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் அதையே சொல்வேன். ஏற்கெனவே மற்ற வகை இருந்தால், இடைவெளியை அடைக்க ஹெல்பர் ஸ்பிரிங் எனும் சிறிய துணை ஸ்பிரிங் போடலாம்.

ஸ்பிரிங்கை வெட்டுவது, சூடுகாட்டித் தாழ்த்துவது, வெல்டு வைப்பது, கிளாம்ப் போட்டு இறுக்குவது எதுவும் செல்லாது. செலவு மிச்சம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: ரப்பர்

சக்கரம் கழற்றியபடியே இருக்கட்டும். பால் ஜாயின்ட், டை ராடு (சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் இணைப்புகள்) இவற்றின் ரப்பர் பூட் (உறை) கிழிந்திருக்கிறதா, ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

நான்காம் படி: அலைன்மென்ட் (சக்கரக் கோணம் சரிசெய்தல்), பிறகு விளக்கு

உயரம் மாறினால் சக்கரத்தின் ‘டோ’ (மேலிருந்து பார்க்கையில் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மாறும். நேராக ஓட்டும்போது சக்கரம் பக்கவாட்டில் எவ்வளவு விலகுகிறது என்று பார்க்கும் சைடு ஸ்லிப் சோதனையில் 1 மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் விலகினால் தோல்வி. முன்பக்கம் இறங்கினால் ஹெட்லைட்டின் ஒளியும் கீழே சாயும். அதனால் உயரம், அலைன்மென்ட், விளக்கு என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

பரிசோதனை நாளில்

நீங்களே ஓட்டிச் சென்று காட்டுவதாக இருந்தால், போக்குவரத்துக் கிளை அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ‘டெஸ்டர்’ கடைகள் இருக்கும். சைடு ஸ்லிப்பையும் விளக்கையும் அங்கே முதலில் சரிபார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள். ஒரே நாளில் 3 முறை வரை காட்டலாம். ஷாகோச்சோ ஸ்பேனரை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள். 9 செ.மீ. போதவில்லை என்றால் ஏற்றிவிட்டு மறுபடி வரலாம். ஆனால் ஏற்றியதும் டோவும் மாறியிருக்கும், நேரே பரிசோதனை லேனுக்குப் போகாமல் டெஸ்டர் கடைக்கு இன்னொருமுறை போய்விட்டு வாருங்கள்.