பிளாக்பேர்டும் பழைய ஜி4-உம்: ஒரே மேசையில் இரண்டு பவர் கணினிகள்

இன்டெல், ஏஎம்டி, ஆர்ம் பிராசசர் எதுவும் இல்லாத கணினியில் தினசரி வேலை ஓடுமா? ஓடும். என் மேசையில் இருப்பது ராப்டர் நிறுவனத்தின் பிளாக்பேர்ட் போர்டு, அதில் ஐபிஎம்மின் பவர்9 சிப். பக்கத்தில் டைகர் (மேக் ஓஎஸ் எக்ஸ் 10.4) ஓடும் ஆப்பிளின் பழைய பவர் மேக் ஜி4. இரண்டும் தூரத்துச் சொந்தம். 1991-இல் ஆப்பிள், ஐபிஎம், மோட்டோரோலா மூன்றும் கைகோத்து, ஐபிஎம்மின் பவர் வடிவமைப்பிலிருந்துதான் ஜி4-க்குள் இருக்கும் பவர்பிசி சிப் வகையைக் கொண்டுவந்தன. வயதான ஜி4-ஐ நேராக இணையத்தில் விடாமல், அதற்கு வேண்டியதை பிளாக்பேர்ட் வழியாகக் கொடுப்பதுதான் இங்கே திட்டம்.

படி 1: பிளக்கை மாட்டிவிட்டுப் பொறுங்கள்

மாட்டியதும் பவர் பட்டனைத் தேடிக் கை போகும். வேண்டாம். போர்டில் பிஎம்சி என்ற தனிக் குட்டிக் கணினி இருக்கிறது. அது தன் லினக்ஸை ஏற்றி முடிக்கச் சில நிமிடம் ஆகும். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தினாலும் திரையில் உடனே எதுவும் வராது. போர்டு செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். மானிட்டரை முதலில் போர்டிலேயே இருக்கும் எச்டிஎம்ஐ-யில் மாட்டுங்கள், கிராஃபிக்ஸ் கார்டில் அல்ல. பிஎம்சி-யோடு வரும் கடவுச்சொல் ஊரறிந்தது. அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

படி 2: சரியான லினக்ஸை இறக்குங்கள்

சாதாரணக் கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸுக்குப் பதில் பெட்டிட்பூட் என்ற எழுத்து மெனு வரும். பென்டிரைவைச் செருகினால் அதுவே கண்டுபிடித்துக் காட்டும். இறக்கும்போதுதான் புதியவர்கள் குழம்புவார்கள்: இந்தச் சிப்புக்கான பதிப்பின் பெயர் ஃபெடோராவில் பிபிசி64எல்ஈ, டெபியனில் பிபிசி64ஈஎல். கடைசி இரண்டு எழுத்து இடம் மாறினாலும் விஷயம் ஒன்றுதான். தனி கிராஃபிக்ஸ் கார்டு போடுவதென்றால் ஏஎம்டி வாங்குங்கள். என்விடியா பக்கம் போகவே வேண்டாம்.

படி 3: எது ஓடும், எது ஓடாது

லிப்ரேஆஃபீஸ், கிம்ப், விஎல்சி எல்லாம் டிஸ்ட்ரோவிலிருந்தே (ஃபெடோரா, டெபியன் போன்ற லினக்ஸ் தொகுப்பு) வரும். ஃபயர்ஃபாக்ஸும் வரும். ஆனால் அதன் ஜாவாஸ்கிரிப்டுக்கு இந்தச் சிப்பில் ஜிட் (ஓடும்போதே நிரலைச் சிப்பின் மொழிக்கு மாற்றி வேகப்படுத்தும் வசதி) கிடையாது, அதனால் கனமான தளங்களில் இழுக்கும். குரோமியம் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் வி8 எஞ்சினுக்குப் பவர் ஆதரவு உண்டு. உங்கள் டிஸ்ட்ரோவில் குரோமியம் இருந்தால் அந்தத் தளங்களை அதில் திறங்கள். நெட்ஃபிளிக்ஸ் கேட்கும் வைட்வைன் என்ற வீடியோப் பூட்டு மென்பொருள் இல்லை, ஸ்டீம் இல்லை. அதற்கெல்லாம் வீட்டில் வேறு ஏதாவது பெட்டி இருக்கட்டும்.

படி 4: ஜி4-இன் கடிகாரம்

நாள் 1970-க்கு ஓடிப்போயிருந்தால் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது. கடையில் சும்மா கிடைக்கும் பட்டன் செல் இதற்குப் பொருந்தாது. 3.6 வோல்ட் லித்தியம், பென்டார்ச் பேட்டரியில் பாதி உயரம் என்று சொல்லிக் கேளுங்கள்.

படி 5: இரண்டையும் இணைப்பது

பிளாக்பேர்டில் நெட்அடாக் (மேக்குகளோடு கோப்பைப் பகிரும் மென்பொருள்) நிறுவி, ஒரு ஃபோல்டரைப் பகிருங்கள். ஜி4-இல் ஃபைண்டரின் கோ மெனுவில் 'கனெக்ட் டு சர்வர்' திறந்து பிளாக்பேர்டின் முகவரியைக் கொடுத்தால் ஃபோல்டர் டெஸ்க்டாப்பில் வந்து நிற்கும். டைகரோடு வந்த சஃபாரிக்கு, தளங்களோடு பாதுகாப்பாகப் பேசும் முறையான டிஎல்எஸ் 1.2 தெரியாது. அதனால் இன்றைய தளங்கள் பெரும்பாலும் திறக்காது. வேண்டியதை பிளாக்பேர்டில் இறக்கி இந்த ஃபோல்டரில் போடுவதே நிம்மதி. எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) மூலம் பிளாக்பேர்டிலிருந்து ஜி4-க்குள் நுழையவும் முடியும், ஆனால் புதிய ஓப்பன்எஸ்எஸ்எச் பழைய குறியாக்க முறைகளை மறுத்துவிடும். அவற்றை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதியுங்கள், மொத்தமாகத் திறந்துவிடாதீர்கள்.

படி 6: பழைய மேக் கோப்புகளில் கவனம்

பழைய மேக் நிரல்களில் கோப்புக்கு இரண்டு பாகம்: தரவு ஒன்று, ஐகான், மெனு போன்றவை இருக்கும் ரிசோர்ஸ் ஃபோர்க் மற்றொன்று. கிளாசிக் நிரலை (மேக் ஓஎஸ் எக்ஸுக்கு முந்தைய மேக் நிரல்) அப்படியே எஃப்டிபி-யில் அனுப்பினால் இரண்டாவது பாகம் வழியில் உதிர்ந்து, நிரல் திறக்காது. ஸ்டஃபிட்டில் மூட்டையாகக் கட்டி அனுப்புங்கள், அல்லது படி 5-இன் ஃபோல்டரைப் பயன்படுத்துங்கள். நெட்அடாக் 3 முதல், லினக்ஸில், அந்தப் பாகத்தைப் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் வரும் தனி மறைவுக் கோப்பில் வைக்கிறது; கோப்பின் வகை போன்ற மேக் விவரங்களை நீட்டிப்புப் பண்புகளில் (கோப்போடு ஒட்டியிருக்கும் கூடுதல் குறிப்புகள்) வைக்கிறது. ஆகவே அந்த ஃபோல்டரை ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் கொண்டு பேக்கப் எடுக்கும்போது மறைவுக் கோப்புகளை விட்டுவிடாமல், பெரிய எழுத்து எக்ஸ் ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பேக்கப்பில் கோப்பு இருக்கும், அதன் வகை போன்ற மேக் விவரங்கள் இருக்காது.